பாலம் தாண்டாத கத்தி

பிப்ரவரி 11, சனி

பத்து மணிக்கு என் நாற்காலி காலியாக இருந்தது. நான்தான் காலியாக வைத்தேன். ரோஸ்கோ அவன் நாற்காலியில் இரண்டு பேரை முடித்துவிட்டு மூன்றாவது ஆளை என் பக்கம் அனுப்பப் பார்த்தான். "பத்து மணி ஆள் வரணும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ரோஸ்கோ வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று முடி வெட்டுகிறவன். எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியும். மற்ற நேரமெல்லாம் மூட மாட்டான்.

புது நாள்காட்டி வந்த அன்றே பழக்கதோஷத்தில் வட்டங்களைப் போட்டுவிட்டேன். இருபத்தெட்டு நாள் படகு, பதினாலு நாள் கரை. ஆறு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, படகை விட்டு இறங்கின கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், ஒரு மாசத் தாடியோடு கேப்டன் ஆரின் ஸ்டாம்பர் என் கதவைத் திறப்பார். பத்தொன்பது வருஷம். நிலக்கரிப் படகு ஓட்டுகிறவர்கள் படகில் சவரம் செய்யக்கூடாதாம், ஆற்றுக்கு ஆகாதாம். மற்ற படகுக்காரர்கள் வழவழவென்று வந்து உட்காருகிறார்களே என்று ஒருமுறை கேட்டேன். "அவங்கெல்லாம் புதுசுங்க, ஒண்ணும் தெரியாது" என்றார்.

நவம்பரில் படகிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். கடைக்கு வரும் படகுக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. யாரிடம் கேட்பது? என்ன உரிமையில்? சலூன்காரி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் என்ன நினைப்பார்கள்?

மூன்று மணிக்கு அவர்களே போன் செய்தார்கள். "மிஸ் வில்டா, நான் மார்லா. ஆரின் ஸ்டாம்பரோட மக. அப்பாவை இங்க டில்டன்ல, என் வீட்டுக்கிட்ட ஒரு இல்லத்துல வச்சிருக்கோம். வலது பக்கம் விழுந்திடுச்சு. பேச்சு ஒவ்வொரு சொல்லாத்தான் வருது. ஷேவ் பண்ண யாரையும் விடமாட்டேங்கிறார். நான் பண்ணப் பார்த்தேன், ரெண்டு இடத்துல அறுத்துட்டு விட்டுட்டேன். ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கறாங்களா, நிக்கவே இல்ல. அவருக்குக் கோபம்கூட வரல. உங்க பேரைச் சொன்னார்."

என் பெயரை.

பிப்ரவரி 13, திங்கள்

கடை விடுமுறை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கிற டில்டனுக்குப் போனேன், அது வேறு மாநிலம். காரில் ஆறு நிமிஷம்.

இல்லத்தின் பொறுப்பாளர் திருமதி பாஸ்கம். நல்ல மாதிரிதான். பெட்டியில் சவரக்கத்தியைப் பார்த்ததும் லைசென்ஸ் கேட்டாள். எடுத்துக் காட்டினேன். முப்பத்தொரு வருஷம், ஒரு புகார் கிடையாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஆத்துக்கு அந்தப் பக்கத்து லைசென்ஸ் ஆச்சே."

"அந்தப் பக்கத்துத் தாடியும் இந்தப் பக்கத்துத் தாடியும் ஒண்ணுதாங்க."

சிரித்தாள். ஆனால் விடவில்லை. வெளியாள் கத்தி எடுக்க வேண்டுமென்றால் இந்த மாநிலத்து லைசென்ஸ் வேண்டும், காசு வாங்காமல் செய்தாலும் சரி. ரத்த மருந்து குடிக்கிற ஆள் வேறு. குடும்பத்தார் என்றால் அவர்கள் பாடு, இல்லம் தலையிடாது. "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

என்ன வேண்டும்? பத்தொன்பது வருஷமாக அந்த மனிதர் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறேன். அதற்கு என்ன உறவுமுறை?

"சலூன்காரி" என்றேன்.

சீவிவிடலாமாம். சீப்புக்கு லைசென்ஸ் வேண்டாமாம்.

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூன்று மாசத் தாடி, பாதி வெள்ளை. முகத்தின் வலது பாதி இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் "வில்...டா" என்றார். ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னார். நான் சீவினேன். சீவ என்ன இருக்கிறது அந்தத் தலையில்? அரை மணி நேரம் சீவினேன்.

பிப்ரவரி 16, வியாழன்

ஆற்றைத் தாண்டி என் கடைக்கே கூட்டி வந்துவிடலாமே என்று மார்லாவிடம் கேட்டேன். அவருக்கு மாநிலம் கொடுத்திருக்கும் வைத்திய அட்டையும் பாலம் வரைக்கும்தான் செல்லுமாம். அந்தப் பக்கம் ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது? இல்லத்து வேன் பாலத்தைத் தாண்டாது. என் லைசென்ஸ் அங்கே போகாது, அவர் அட்டை இங்கே வராது. "என் வீட்டுல வச்சு கமுக்கமா பண்ணிடுங்க, யார் பார்க்கப் போறா" என்றாள் மார்லா. மாட்டேன். மாட்டிக்கொண்டால் இந்தப் பக்கத்து லைசென்ஸும் போகும். அது மட்டுமில்லை. திருட்டுத்தனமாகத் தொட வேண்டிய முகமா அது?

சலூன் லைசென்ஸ் கொடுக்கிற அக்கரை வாரியத்துக்குப் போன் போட்டேன். இரு மாநிலத்துக்கும் ஒப்பந்தம் உண்டு என்றது ஒரு பெண் குரல். உயிர் வந்தது. "ஆனா படிச்ச மணிநேரம் சமமா இருக்கணும். உங்க பக்கம் ஆயிரத்து இருநூறு. எங்க பக்கம் ஆயிரத்து ஐநூறு."

"முப்பத்தொரு வருஷமா தினமும் எட்டு மணி நேரம் நிக்கிறேனே, அதைச் சேர்த்துக்கங்க."

"அதை உங்க வாரியம் எழுதிக் குடுக்கணும்."

எங்கள் வாரியத்துக்குப் போட்டேன். "லைசென்ஸ் இருக்குன்னுதான் எழுதித் தருவோம். வேலை செஞ்சீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒவ்வொரு வருஷமும் இன்ஸ்பெக்டர் வந்து சீப்பு ஊறுகிற ஜாடியை முகர்ந்துவிட்டுப் போகிறாரே, அப்போது நான் என்ன டான்ஸா ஆடிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 9, வியாழன்

ஒருவழியாக வழி சொன்னார்கள். செய்முறைத் தேர்வு எழுதினால் மணிநேரத்தை விட்டுவிடுவார்களாம். அதற்கு முன் கைரேகை. ஷெரீப் அலுவலகத்தில் கண்ணாடித் தட்டில் பத்து விரலையும் உருட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை. ஊகூம். முப்பத்தொரு வருஷ நுரையும் கிருமிநாசினித் தண்ணீரும் சேர்ந்து ரேகையைத் தின்றுவிட்டன. "சலூன்காரங்களுக்கும் செங்கல் அடுக்கறவங்களுக்கும் இப்படித்தான்மா ஆகும். ரெண்டு வாரம் தண்ணி படாம வச்சிருந்து வாங்க" என்றார் அந்த ஆள்.

வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்டார்களே, இந்த விரல்களை ஒட்டி அனுப்பவா?

மார்ச் 10, வெள்ளி

ரப்பர் உறையோடு முடி வெட்டுகிறேன். ரோஸ்கோ என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறான்.

மார்ச் 25, சனி

வட்டம் போட்ட சனி. காலையில் ரேகை கொடுத்தேன், ஏழு விரல் விழுந்தது, போதுமாம்.

பத்து மணிக்கு யாரையும் உட்கார வைக்கவில்லை. வழக்கமாக இந்த நேரத்துக்குச் சூடான துண்டை அவர் முகத்தில் சுற்றியிருப்பேன். துண்டுக்குள்ளிருந்து ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்: எங்கே பனிமூட்டம், எந்த மதகில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார். ஒரு தடவை என் லைசென்ஸைச் சுவரில் பார்த்துவிட்டுக் கிண்டல் பண்ணினார். "என்னோடது பிட்ஸ்பர்க்லேர்ந்து ஆறு முடியற கெய்ரோ வரைக்கும், ரெண்டு கரையிலயும் செல்லும். உன்னோடது பாலத்துல பாதி தூரம் வரைக்கும்தான் வில்டா. அங்க நின்னுக்கிட்டு ஷேவ் பண்ணுவியா?"

"நடுப்பாலத்துல நிக்க வச்சு மூக்கை அறுத்துடுவேன் கேப்டன், எந்த மாநிலத்துலயும் கேஸ் நிக்காது" என்றேன். கடையே சிரித்தது.

அவர் போன பிறகு அந்தத் துண்டை உடனே துவைக்கப் போட மாட்டேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டேன், போகட்டும்.

ஏப்ரல் 20, வியாழன்

கடிதம் வந்தது. மே 22, அக்கரை மாநிலத்துத் தலைநகரத்தில் தேர்வு. பதினாலு வீச்சில் முழு சவரம், திறந்த கத்தி. முகத்துக்கு ஆளை நாமே கூட்டிப் போக வேண்டும். அந்த ஆள் லைசென்ஸ் வைத்திருக்கிறவராக இருக்கக்கூடாது, ஆகவே ரோஸ்கோ இல்லை. குறைந்தது மூன்று நாள் தாடி வேண்டும். தேர்வு நடக்கும்போது நானும் அவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"தாடி வச்ச ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றேன் ரோஸ்கோவிடம்.

அவன் கத்திரியைக் கீழே வைத்தான். "முதலாளியம்மா, உனக்கு நிஜமாவே தெரியலையா, இல்ல நான் சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கியா?"

ஏப்ரல் 24, திங்கள்

மார்லா முதலில் ஒப்பவில்லை. மூன்று மணி நேரப் பயணம். ரத்த மருந்து. பரீட்சையில் உங்கள் கை நடுங்கினால்? நியாயமான கேள்விதான்.

அவர்தான் பதில் சொன்னார். இடது கையால் தாடியைப் பிடித்துக்கொண்டு, "வளர்...த்து... வச்சி...ருக்கேன்" என்றார்.

மார்லா எழுந்து டாக்டரிடம் கடிதம் கேட்கப் போய்விட்டாள். மாநிலம் தாண்டவில்லை என்பதால் வேனும் வருமாம்.

மே 6, சனி

வட்டம். பதினாறு நாள் இருக்கிறது. ரோஸ்கோ கன்னத்தில் கத்தியின் பின்புறத்தை வைத்துப் பதினாலு வீச்சும் பழகிப் பார்த்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 22, திங்கள்

எண் ஒன்பது. அதுதான் இன்று என் பெயர். அவர் "ஒன்பதின் மாடல்".

வேனில் வரும்போது அவர் தூங்கவில்லை. மார்லாதான் தூங்கினாள். தேர்வு அறையில் பன்னிரண்டு நாற்காலி. மற்றவர்களெல்லாம் இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள், அண்ணன் தம்பியைக் கூட்டி வந்திருந்தார்கள். என் மாடலைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தேர்வாளர் ஒரு ஒல்லியான அம்மாள், கையில் அட்டை. "பேச்சு கூடாது" என்றாள்.

கையைச் சுத்தம் செய்தேன். போர்வை கட்டினேன். சூடான துண்டு. முதல் துண்டை எடுத்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். ஏழு மாசம் ஆயிற்று அந்த முகத்தைத் தொட்டு. நுரை போட்டேன். இறங்கிய பக்கத்தின் தோல் பிடி கொடுக்கவில்லை, கட்டைவிரலால் மேலே இழுத்துப் பிடித்துத்தான் கத்தியை வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கை நடுங்கவில்லை. என் கை அந்த முகத்தில் ஒருநாளும் நடுங்கியதில்லை.

ஏழாவது வீச்சில் போர்வைக்கு அடியிலிருந்து அவருடைய இடது கை வெளியே வந்தது. என் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டது. பேசக்கூடாதே. "விடுங்க கேப்டன்" என்று சொல்ல முடியாது. சொல்லவும் மனசில்லை. பிடித்தபடியே இருந்தார். நான் அப்படியே எட்டு, ஒன்பது, பத்து போட்டேன். கழுத்துக்கு வந்தேன். பத்தொன்பது வருஷமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது, அத்தனை பேச்சும் எதை மூடி வைக்கப் பேசியது என்று.

பதினொன்றாவதில் அவர் வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தக் கண் தானாக வழியும், மார்லா சொல்லியிருக்கிறாள். ஆனால் இடது கண்ணிலும் வந்தது. நான் விரல் முட்டியால் துடைத்தேன். இரண்டு கண்ணையும்.

துடைத்துவிட்டுப் பன்னிரண்டாவது வீச்சைப் போட்டேன்.

ஒரு துளி ரத்தம் இல்லை. பதினாலும் முடிந்தது. அந்த அம்மாள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், அட்டையில் எழுதினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 2, வெள்ளி

தோல்வி.

சவரம்: நூற்றுக்கு நூறு. சுத்தம்: சைபர். "மாடலின் கண்ணீரை வெறும் கையால் தொட்டார், கையை மீண்டும் சுத்தம் செய்யாமல் தொடர்ந்தார்." சுத்தத்தில் சைபர் என்றால் மொத்தமும் தோல்வி. அடுத்த தேர்வு செப்டம்பரில்.

சீ! வேற எப்படித் துடைக்கிறது? பெட்டியில இருந்து காகிதம் எடுத்து, துடைச்சு, தொட்டியில போட்டு, கையைக் கழுவி, அதுக்கப்புறம் "இப்ப அழலாம்"னு சொல்லணுமா? என் கடையில எவனாவது அப்படித் தொட்டுட்டு கத்தியை எடுத்திருந்தா நானே வெளிய போன்னு துரத்தியிருப்பேன். அதான் வயித்தெரிச்சல். அந்தப் பொம்பளை எழுதினது சரி. முழுக்கச் சரி. முப்பத்தொரு வருஷத்துல ஒருநாள்கூட செய்யாத தப்பை, செய்யவே கூடாத நாள்ல செஞ்சேன்.

செப்டம்பர் வரைக்கும் யாரோ வந்து சொரசொரன்னு மெஷின்ல வழிக்கப் போறாங்க அவரை.

ஜூன் 5, திங்கள்

நேரில் போய்ச் சொன்னேன். காகிதத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். கண்ணீர் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உங்களாலதான்" என்றேன். "பேசக்கூடாதுன்னாங்க, அழக்கூடாதுன்னு தனியா சொல்லணுமா உங்களுக்கு?"

பர்ஸை எடுக்கச் சொன்னார். அவருடைய படகு லைசென்ஸ் உள்ளே இருந்தது. எடுத்து மடியில் வைத்தார். "ரெண்டு... கரை" என்றார்.

"தெரியும் தெரியும், உங்களோடது செல்லும், என்னோடது பாதிப் பாலம். வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க."

தலையை ஆட்டினார், அது இல்லை என்று. "இன்னொரு... லைசென்ஸ். ரெண்டு... கரைக்கும்."

எனக்குப் புரியவில்லை. ஆற்றில் தூண்டில் போடுகிற லைசென்ஸை இரண்டு மாநிலமும் ஒத்துக்கொள்ளும், ஊருக்கே தெரியும். "மீன் பிடிக்கப் போறோமா கேப்டன்?"

பாதி முகத்தால் சிரித்தார். சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. பிறகு என் இடது கையைப் பிடித்து, மோதிர விரலைத் தனியாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் வழித்து இரண்டு வாரமான சொரசொரப்பு.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்து பாலத்தின் நடுவில்தான் மூச்சு விட்டேன்.

ஜூன் 17, சனி

வட்டம். பத்து மணிக்கு ஒருவரை உட்கார வைத்து வெட்டினேன், வேண்டுமென்றே.

கத்தி எடுக்கிறதுக்காகவா கல்யாணம்? இல்லத்தில் குடும்பம் என்றால் கேள்வி இல்லை, அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார், அவ்வளவுதானா? மெஷின் பிடிக்கவில்லை, என் கை பிடித்திருக்கிறது. கையா, நானா? எனக்கு ஐம்பத்தொன்பது வயசு. ஒரு கல்யாணம் செய்து, அது உடைந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பத்தொன்பது வருஷம் நன்றாகப் பேசத் தெரிந்த வாயோடு வந்தாரே, அப்போது ஏன் கேட்கவில்லை?

நான் மட்டும் கேட்டேனா?

ஜூன் 26, திங்கள்

இரண்டு திங்கள் போகவில்லை. இன்று மார்லாவே பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அப்பா கேட்டது எனக்குத் தெரியும், மிஸ் வில்டா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஆனா வராம மட்டும் இருக்காதீங்க. ஜன்னலையே பார்த்துக்கிட்டிருக்கார்."

அவருக்கு வேண்டியது நல்ல சவரம்தான் என்றேன். பாவம், பத்தொன்பது வருஷமாக மாசத் தாடியோடு கிடந்த மனிதர், படகில் சவரம் செய்யக்கூடாது என்கிற கட்டுப்பாட்டில் இருந்தவர்.

மார்லா கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன கட்டுப்பாடு?"

சொன்னேன். ஆற்றுக்கு ஆகாதாம்.

"யார் சொன்னா? படகுல எல்லாருக்கும் தனித்தனி குளியலறையே இருக்கு. எங்கம்மா இருந்த வரைக்கும் தினமும் படகுலயே ஷேவ் பண்ணிட்டு, வழவழன்னு வந்து இறங்குவார். அம்மா போய் மூணு வருஷம் வரைக்கும் அப்படித்தான். உங்க கடைக்கு வர ஆரம்பிச்ச அப்புறம்தான் நிறுத்தினார். கூட வேலை செஞ்சவங்க எங்கிட்ட சொல்லிச் சிரிப்பாங்க: கேப்டன் அறையில ரெண்டு நல்ல கத்தி இருக்கு, இருபத்தெட்டு நாளும் ஒண்ணையும் தொடமாட்டார், அரிக்குது அரிக்குதுன்னு புலம்பிக்கிட்டே படகு ஓட்டுவார்னு. எதுக்குன்னு எங்களுக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது போல."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஆற்றுக்கு ஆகாதாம். அந்தப் பொய்யை ஒரு வருஷமா இரண்டு வருஷமா, பத்தொன்பது வருஷம் நம்பியிருக்கிறேன். கோடையில் அந்த வேகாத வெயிலில், முகத்தில் ஒரு மாசத் தாடியை வளர்த்துச் சொரிந்துகொண்டு, என் கடையில் அரை மணிக்குப் பதிலாக ஒரு மணி நேரம் உட்காருவதற்காக.

பைத்தியக்கார மனுஷா.

ஜூலை 14, வெள்ளி

அக்கரையில், மாவட்ட எழுத்தர் அலுவலகம். மார்லாவும் ரோஸ்கோவும் சாட்சி. ரோஸ்கோ டை கட்டியிருந்தான், நான் பார்த்தே இல்லை.

எழுத்தர் ஒரு சின்னப் பெண். இரண்டு பேருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள், கல்யாண லைசென்ஸில் பெயரை எழுதினாள், கையெழுத்து வாங்கினாள். அவர் இடது கையால் போட்டார், கோணல்மாணலாக. நான் என் பத்து விரலையும் நீட்டினேன்.

"எதுக்கும்மா?"

"ரேகை வேண்டாமா?"

"வேண்டாம்."

"எத்தனை மணிநேரம் படிச்சிருக்கேன்னு கேக்கலையே?"

விழித்தாள். "இது எல்லா மாநிலத்துலயும் செல்லுமா?" என்று கேட்டேன். "எங்க போனாலும் செல்லும்மா" என்றாள். பின்னால் ரோஸ்கோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

மொத்தம் பத்து நிமிஷம்.

ஜூலை 29, சனி

வட்டம் போட்ட சனி. இல்லத்தின் வருகைப் பதிவில் பெயர், நேரம், உறவு என்று மூன்று கட்டம். மூன்றாவதை நிரப்பிக் கொடுத்தேன். திருமதி பாஸ்கம் படித்தாள், பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. "சுடுதண்ணி வேணும்னா மூணாவது கதவு" என்றாள்.

பத்து மணிக்குத் துண்டு. பதினாலு வீச்சு. நடுவில் கண்ணைத் துடைத்தேன், பிறகு கையைக் கழுவினேன், செப்டம்பரில் மறுபடி எழுதப் போகிறேன் அல்லவா. முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வலது... கிருதா... நீளம்" என்றார். பேச்சு திரும்புகிறது மனிதருக்கு, முதல் வேலையாகக் குறை சொல்கிறார். "தலையை ஆட்டாம இருங்க ஆரின்" என்றேன்.

கடைக்குத் திரும்பியதும் அடுத்த வட்டம் போடப் பேனாவை எடுத்தேன். ஆறு வாரம் எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். நாளைக்கு ஒரு வட்டம் போட்டேன். திங்களுக்கும் போட்டேன்.